மேலே ராமப்பன், கீழே மாரம்மா

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், ஒரு சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி ராமப்பன் சபதம் எடுத்தான். இனிமேல் மாரம்மாவை வேலைக்குக் கூட்டி வரக் கூடாது!

மாரம்மா அவன் பெண்டாட்டி. தொழிலிலும் கூட்டாளி. கூரைமேல் சாய்ந்த கிளை, கரண்ட் கம்பியை உரசும் கிளை, பட்டுப்போன மரம் என்று ஓசூர் பங்களாக்காரர்கள் யார் கூப்பிட்டாலும் குருபரப்பள்ளியிலிருந்து இவர்களுடைய மினி வேன்தான் போகும். ராமப்பன் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேலே ஏறி மிஷினால் அறுப்பான். அறுபடும் கிளையைக் கட்டிய கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் மெதுவாகத் தரையிறக்குவது மாரம்மா. பதினாறு வருஷமாக அவள் கை கயிற்றை விட்டதில்லை. அவள் வாய் அவனை விட்டதில்லை.

"இடது பக்கத்துக் கிளைங்க! உங்க இடது இல்ல, என் இடது!"

"காலை ஊணி நில்லுங்க!"

"ஏங்க, கேஸ் சிலிண்டருக்குச் சொன்னீங்களா இல்லியா?"

மற்ற புருஷன்மார் பெண்டாட்டி பேச்சுக்குப் பயந்தால் டீக்கடைக்குப் போவார்கள். ராமப்பன் மர உச்சிக்கே போய்ப் பார்த்துவிட்டான். ஏறினாலும் மாரம்மா, இறங்கினாலும் மாரம்மா. "மேல நான் வெட்டறேன், கீழ அவ வெட்டிப்பேச்சு" என்று பங்காளி கோபியிடம் சொல்லிச் சொல்லி அழாத குறை.

சபதத்துக்குத் தோதாக அந்த வாரமே சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை வந்தது. ஷெட்டின்மேல் சாய்ந்த ஒரு தூங்குமூஞ்சி மரம். அதை ஓர் ஓடுகூட உடையாமல் கழித்துக் கொடுத்தால், காம்பவுண்டில் இருக்கிற அறுபது மரமும் வருஷா வருஷம் அவனுக்கே. சேஃப்டி ஆபீசர் சுசித்ரா மேடம் மரத்தைக் காட்டி, "மத்த விவரமெல்லாம் போன்ல சொல்றேன்" என்று அனுப்பி வைத்தாள்.

அன்று சாயங்காலம் ராமப்பன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான்.

"மாரம்மா, அந்தக் கம்பெனியில பொம்பளைங்களை உள்ள விடமாட்டாங்களாம்."

"அப்படியா? காலையில பஸ் பஸ்ஸா பொண்ணுங்க யூனிஃபார்ம் போட்டுக்கினு அங்கதான போவுதுங்க?"

"அது மிஷின் வேலைக்கு. மரத்து வேலைக்கு ஆகாதாம்."

"ஏன், அது ஆம்பளை மரமா?"

"ரூல்ஸ் புள்ள! சேஃப்டி ஆபீசர் சுந்தரேசன் ரொம்பக் கண்டிப்பான ஆளு. பெரிய மீசை."

"மீசை வேறயா!" என்றாள் மாரம்மா. களியைக் கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு ஒரு நொடி நின்றது. பிறகு சுற்றியது. "சரி, ரூல்ஸுன்னா ரூல்ஸுதான். கயிறு பிடிக்க யாரு?"

"கோபி."

"நல்லா பிடிப்பாரு" என்றாள் அவள்.

சண்டையில்லை, சத்தமில்லை. இவ்வளவு சுலபத்தில் ஒரு மரம்கூட அவனுக்குச் சாய்ந்ததில்லை. ராமப்பனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் முந்திக்கொண்டது. மறுநாள் மத்தியானம் அவள், "சூளகிரி வரைக்கும் ஒரு வேலை இருக்குது, போயிட்டு வரேன்" என்று பஸ் ஏறியபோதும் அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. வீட்டின் நிசப்தத்தை இரண்டு கையாலும் அள்ளி அனுபவித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை காலை அவன் கிளம்பும்போது மாரம்மா வீட்டில் இல்லை. கோயிலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஏணி, கயிறு, கப்பி, மிஷின், கோபி எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு கம்பெனி வாசலில் போய் நின்றான்.

கேட்டில் இருந்த கன்னடக்கார செக்யூரிட்டி எழுந்து, "பன்னி, பன்னி" என்று வரவேற்றார்.

சொந்த ஊரான சிங்காரப்பேட்டையைத் தாண்டி அதிகம் வெளியே வராத கோபிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரைய்யா பன்னிங்கற?"

"டேய், கன்னடத்துல வாங்க வாங்கன்னு மரியாதையா கூப்பிடறாருடா" என்று ராமப்பன் அவனை இழுத்துப் பிடித்தான்.

உள்ளே மரத்தடியில் சுசித்ரா மேடம் ஒரு பேப்பரோடு நின்றிருந்தாள். கோபியை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களும் கீழ கயிறு பிடிக்கிறவரா? எப்படிப் பிடிப்பீங்க?"

"கெட்டியா பிடிப்பேன் மேடம்."

"கிளை உங்களைவிட கனமா இருந்தா?"

"அப்பவும் விடமாட்டேன்."

"அப்ப கிளை கீழ வரும், நீங்க மேல போயிடுவீங்க."

கோபி யோசித்தான். "ஏணி மிச்சம் மேடம்" என்றான்.

மேடம் சிரிக்கவில்லை. "ராமப்பன், டிரெய்னிங் முடிச்சவங்கதான் கயிறு பிடிக்கணும். வேன்ல எழுதியிருந்த நம்பருக்குக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிட்டேனே?"

வேனில் எழுதியிருந்தது மாரம்மாவின் நம்பர். மரத்தின்மேல் இருப்பவன் எப்படிப் போன் எடுப்பான் என்று அவனேதான் அதை எழுத வைத்தான்.

"அவங்க நேத்தே வந்து டிரெய்னிங் முடிச்சிட்டாங்க. அத்தனை பேர்ல அவங்கதான் ஃபர்ஸ்ட். இன்னிக்கும் ஏழு மணிக்கே வந்துட்டாங்க. அதோ!"

கேன்டீன் பக்கமிருந்து மாரம்மா வந்துகொண்டிருந்தாள். புடவைமேல் பச்சைக் கோட்டு, கொண்டைமேல் மஞ்சள் ஹெல்மெட், காலில் பூட்ஸ், கையில் டீ. நேராக வந்து கணவனைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, சுந்தரேசன் சாரு மீசையை எடுத்துட்டாரா?"

"யார் சுந்தரேசன்?" என்றாள் மேடம்.

"அது... பழைய ஆபீசர்" என்று ராமப்பன் ஹெல்மெட்டைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று மரம் ஏறினான். அவ்வளவு வேகமாக அவன் எந்த மரமும் ஏறியதில்லை.

வேலை ஆரம்பித்தது. முதல் நான்கு கிளைகள் அலுங்காமல் இறங்கின. ஐந்தாவது, ஷெட்டின்மேல் நீட்டிக்கொண்டிருந்த பெரிய கிளை. கயிற்றைக் கட்டி மிஷினை வைத்தான். பாதி அறுத்திருப்பான்.

"நிறுத்துங்க!"

வழக்கம்போல் கத்துகிறாள் என்று விட்டிருப்பான். ஆனால் அது கேஸ் குரல் இல்லை, காலை ஊணும் குரலும் இல்லை. மிஷினை நிறுத்தினான்.

"கட்டு நழுவுது பாருங்க. அடியில பட்டை உரியுது!"

குனிந்து பார்த்தான். உளுத்த பட்டையோடு சேர்ந்து முடிச்சு ஒரு முழம் சறுக்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் அறுத்திருந்தால் கிளை ஷெட்டைப் பிளந்துகொண்டு போயிருக்கும். அறுபது மரமும் அதோடு போயிருக்கும். ராமப்பன் உளுக்காத இடத்தில் கயிற்றை மாற்றிக் கட்டி, மீதியை அறுத்தான். மாரம்மா அதை இறக்கியபோது ஷெட் கூரையில் இருந்த புறாகூடப் பறக்கவில்லை.

இறங்கி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நீ இல்லாட்டி இன்னிக்கு மானம் போயிருக்கும் புள்ள" என்றான். பொய்யில்லாமல் சொன்னான்.

"தெரிஞ்சா சரி" என்று மாரம்மா பாதி டீயை அவனிடம் நீட்டினாள்.

சுசித்ரா மேடத்துக்கு ஏகப்பட்ட திருப்தி. அறுபது மரமும் உங்களுக்குத்தான் என்றாள். "ஆனா இவ்வளவு உயரத்துக்குக் கத்திக் கத்தி அவங்க தொண்டை என்ன ஆகறது?" என்று ஒரு பெட்டியைத் திறந்தாள். அதிலிருந்த சின்ன ஸ்பீக்கரை ராமப்பனின் ஹெல்மெட்டுக்குள், காதை ஒட்டி மாட்டினாள். மைக் மாரம்மாவின் கோட்டுக் காலரில் ஏறியது.

அடுத்த மரத்தில் ராமப்பன் நாற்பதடி ஏறி, ஒரு கவட்டையில் உட்கார்ந்தான். தூரத்தில் சூளகிரி மலை. நல்ல காற்று.

"ஏங்க, கேஸுக்குச் சொன்னீங்களா?" காதுக்குள்ளேயே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல்.

ராமப்பன் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பித் திருப்பித் தடவினான்.

"தேடாதீங்க, நிறுத்தற சுவிட்ச் என்கிட்டதான் இருக்குது" என்றது ஹெல்மெட்.