தங்கத் தலைப் பரணி

வாழ்க வக்ஷுமான்! ஆற்றின் இக்கரையில் ஒரு மண்கோட்டையையும் ஏழு முலாம்பழத் தோட்டங்களையும் வெண்குடை நிழலில் காத்தவனும், வெண்கலக் கண்ணாடி ஒன்றுக்கே தலைவணங்கியவனும், தாடைக்குக் கீழே இன்னொரு தாடை வளர்த்த தவச்செல்வனுமாகிய அவ்வேந்தர்வேந்தன், மணப்பெண்களின் நெற்றியை வெல்லப் புறப்பட்ட மாப்போரைச் சொல்லப் புகுகிறோம். நானா தேவியே, முடிக்கும்வரை எங்களுக்குச் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்.

ஸர்வான் நகரத்தில் ஒரு வழக்கம். வசந்தத் திருநாளில் மணமுடிக்கும் பெண்கள் அரசன் முகம் பொறித்த தங்கத் தீனார்க் காசில் துளையிட்டு நெற்றியில் தொங்கவிடுவார்கள். எவன் முகம் அங்கே தொங்குகிறதோ அவனுக்கே ஊர் வரி கட்டும். அதுகாறும் தொங்கியது அக்கரை அரசனின் முகம். அந்த அவமானம் நம் வேந்தனின் தூக்கத்தைக் கெடுத்தது. பசியை மட்டும் கெடுக்கவில்லை.

எனவே பட்டத்தரசியின் வளையல்களும் அரண்மனைப் பொற்தட்டுகளும் உலைக்களம் புகுந்து வீரமரணம் எய்தின. நாணய அச்சு வெட்டும் ஷிர்ஸாத் அழைக்கப்பட்டான். அக்கரையான் முடியில் ஒரு பிறையா, எனக்கு இரண்டு. அவனுக்குச் சிறகா, எனக்குச் சிறகோடு ஆட்டுக்கடாக் கொம்பும் என்று வேந்தன் அடுக்க அடுக்க, முடி மலையென வளர்ந்தது, முகம் கொண்டைக்கடலையாகச் சுருங்கியது. இரண்டாம் தாடையோ அரசாணையால் அடியோடு ஒழிக்கப்பட்டது. உச்சியில் ஒரு பருந்தும் வேண்டும் என்றபோதுதான் ஷிர்ஸாத் வாய்திறந்தான்.

“மகாராஜா, தலைக்கு மேல ஒரு கோதுமை மணி அளவாவது இடம் விடணுங்க. பொம்பளைங்க அங்கதான் ஓட்டை போடுவாங்க.”

“வக்ஷுமானின் தலைக்கு மேல் வெற்றிடமா? வானமே எம் முடிக்குக் கீழ்! பொறித்திடுக பருந்தை!”

ஷிர்ஸாத்துக்குக் கழுத்தின்மேல் ஆசை இருந்தது. பொறித்தான்.

மணப்பெண் ஒவ்வொருத்திக்கும் ஒரு தீனார் இலவசம் என்றதும் ஸர்வான் நகரம் போரின்றிப் பணிந்தது. திருநாளன்று எக்காளம் முழங்க, வெண்புரவி கனைக்க, தன் முகத்தைத் தானே தரிசிக்கப் புறப்பட்ட வேந்தன், முதல் மணப்பெண்ணின் முன் குனிந்தான், திகைத்தான், அடுத்தவளிடம் ஓடினான். வரிசை முழுக்க அவனே தலைகீழாகத் தொங்கினான். கொம்புகள் தரை நோக்க, பருந்து ஒவ்வொரு மணப்பெண்ணின் மூக்கையும் கொத்தக் காத்திருந்தது. இது என்ன பறவை என்று ஊரார் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். அதன் மேலே அரசன் இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

யாருடைய சதி இது என்று வேந்தன் கர்ஜித்தான். முதல் மணப்பெண்ணின் தாய் நனிதாத் பயப்படவில்லை, பரிதாபப்பட்டாள்.

“சதியெல்லாம் இல்ல சாமி. மேல எங்க இடம் இருக்கு? கொம்பு, றெக்கை, குருவின்னு ஒரே நெரிசல். தாடைக்குக் கீழதான் காலியா இருந்துச்சு. உங்க மூஞ்சியில ஓட்டை போட மனசு வரல.”

அந்த வருடமும் வரி அக்கரைக்கே போனது.