சம்பந்தியின் காரும் நாலாவது பிளக்கும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தில் இந்த இடம் வந்ததும் 'மற்றவை நலம்' என்று எழுதிவிடுவது என் வழக்கம். இந்த முறை எழுதக் கை வரவில்லை. மற்றவை என்றால் அதில் உங்கள் காரும் சேர்ந்துவிடுகிறதே! எங்கள் பெண் இன்று மாலை இங்கே வருகிறாள். அவள் வந்து ஷெட்டை எட்டிப் பார்ப்பதற்குள் இதை எழுதி கூரியரில் சேர்த்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. அந்தக் கதைக்கும் வருகிறேன்.

உங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியதால், தரையோடு தரையாகப் போகும் அந்தச் சிவப்புக் காரை எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து விட்டீர்கள். சாவியைக் கொடுக்கும்போதே, "ஒண்ணும் செய்ய வேண்டாம் சம்பந்தி, போர்வையப் போத்தி விட்டாப் போதும்" என்று தெளிவாகச் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைக்குள் அது ஏறவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. நாலு பழமாவது போட்டுத்தான் கொடுப்போம். பெண்ணைக் கொடுத்த இடத்திலிருந்து வந்த காரை வெறும் காராகத் திருப்பி அனுப்பலாமா? அதில் என்ன போட்டுக் கொடுப்பது என்று யோசித்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த கையேட்டைப் புரட்டியபோது, ஸ்பார்க் பிளக்குகளை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று போட்டிருந்தது. சரி, நாலு புது பிளக் போட்டுக் கொடுத்து உங்களை அசத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக் கடுகளவு திருகையெல்லாம் கண்ணாடிக் காம்பில் மாட்டியவன் நான். கட்டைவிரல் பருமன் இருக்கிற பிளக்கா என்னை ஏய்த்துவிடும்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் வாரிசு நான்தான் என்பது அப்போது தெரியவில்லை.

இந்த மாதிரிக் கார்களில் இஞ்சின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குப் புதுசு. இருக்கைகளை முன்னால் தள்ளி, பின்னாலிருக்கும் விரிப்பை உரித்து, அதன் பின்னால் ஒரு தகட்டைக் கழற்றி, அந்தச் சந்து வழியாகத் தலைகீழாகப் போனால்தான் இஞ்சின் தரிசனம். முதல் மூன்று பிளக்குகளும் மரியாதையாக வந்துவிட்டன. அதில்தான் தலைக்கனம் ஏறிவிட்டது. நாலாவது பிளக் ஒரு தடித்த ரப்பர் குழாய்க்குப் பின்னால், மூலையில், கண்ணுக்கும் எட்டாமல் கைக்கும் எட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. என் தலை இருக்கைக்குப் பின்னாலும் கால்கள் கதவுக்கு வெளியிலுமாக நான் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் என் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் ஷெட்ல மயங்கிக் கிடக்கிறார்" என்றிருக்கிறார். அவள் தண்ணீர்ச் செம்போடு வந்து, என்ன ஏது என்று கேட்காமல் முகம் இருக்கும் பக்கம் என்று நினைத்து வீசிவிட்டாள். அது முகமில்லை. அதற்குமேல் சம்பந்தி மரியாதை கருதி எழுதவில்லை.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். விஷயம் தெரிந்ததும் வீட்டுக்குப் போய், கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். நீண்ட நாளாய் வேலையில்லாமல் இருந்த மனிதர், உற்சாகமாகிவிட்டார். "சொத்தை இல்ல, ஆனா நல்லா இறுகிப்போய் இருக்கு. மெதுவா ஆட்டிப் பாருங்க" என்று அவர் சொல்ல, நான் ஆட்ட, இரண்டு பேருமாக ஒரு முழுக் காலையை அதில் செலவழித்தோம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஸ்பேனரைத் திருப்பினேன். திருப்பத் திருப்ப இறுகிற்று. துரு ஏறியிருக்கிறது என்று எண்ணெய் விட்டுத் திருப்பினேன். இன்னும் இறுகிற்று. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், பார்ப்பது கண்ணாடியில் என்பதால் இடம் வலமாகத் தெரியும், காலையிலிருந்து நான் கழற்றவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. வாழ்க்கை முழுவதும் கண்ணாடி விற்றவன் நான்! இதை உங்களிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சாப்பிட்ட கையோடு திரும்பவும் போய், இனிமேல் கண்ணாடியே வேண்டாம், கைதான் நம்பிக்கை என்று, குழாயைச் சுற்றிக் கையை உள்ளே விட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்ற தைரியம். போன கை வரவில்லை. முழங்கை வரை உங்கள் இஞ்சின் கவ்விக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் போன் செய்தீர்கள். என் மனைவி போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு முறைத்தாள். "வண்டி எப்படி இருக்கு சம்பந்தி?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்கு, இப்பக்கூட அது பக்கத்துலதான் இருக்கேன்" என்றேன். "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?" என்றீர்கள். அந்த அன்பில் எனக்குக் கண் கலங்கியது நிஜம். பாதி அன்பு, பாதி முழங்கை. பிறகு சமையல் எண்ணெயை ஊற்றி, "கண்ணாடிக்கடைக்காரருக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நாலு வார்த்தையும் சேர்த்து ஊற்றித்தான் அவள் கையை வெளியே எடுத்தாள். தோல் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது.

ஆக, இன்றைய நிலவரம் இது. மூன்று பிளக் புதுசு, நாலாவது என் புண்ணியத்தில் கல்லாகிவிட்டது, கையை எடுப்பதற்காகக் கழற்றிய இருக்கைகள் எங்கள் வரவேற்பறையில் இருக்கின்றன. நீங்கள் சனிக்கிழமை காரை எடுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலத்தில் ஓட்டப்போவதாக நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள் என்று தெரியும். சம்பந்தி, இந்த ஊர்வலத்துக்கு மட்டும் போகாமல் இருக்க முடியுமா? என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், நேரில் வந்து திட்டினால் சாப்பாடும் போடுகிறேன். ஆனால் எங்கள் பெண்ணை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அவள் வாய் திறந்து எதையும் கேட்காதவள். அங்கே எப்படி இருக்கிறாய் என்று எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேம்பா" என்ற ஒரே பதில்தான். அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறேன் தெரியுமா? அப்பன் செய்த கோமாளித்தனத்துக்கு அவள் அங்கே தலை குனிந்து நிற்கக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், கட்டுப் போடாத இடது கையால். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், உங்களுக்கு மட்டும் கூடுதலாகப் பொறுமையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவும் எண்ணெய்ப் பிசுக்கும் மாறாத,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பெண் வந்துவிட்டாள். வரவேற்பறையில் கார் இருக்கைகளைப் பார்த்ததும், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேரே ஷெட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே மன்னிப்பு கேட்டுக்கொண்டு ஓடினேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே குனிந்தவள், "அப்பா, குழாயக் கழட்டிட்டுத்தான் கைய விடணும். சுத்தி விட்டா எப்படிப் போகும்?" என்றாள். குழாயைக் கழற்றி, ஸ்பேனரை நேராகப் பொருத்தி ஒரே அழுத்து; நான் வாயைத் திறந்து மூடுவதற்குள் நாலாவது பிளக் அவள் உள்ளங்கையில் இருந்தது. அதைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இது போன மாசம் நானும் மாமாவும் போட்டதுப்பா. நாலுமே புதுசுதான்."

"நீயா?" என்றேன்.

"மாமா கை உள்ள போகாதே! ஊர்ல எல்லார்கிட்டயும் நானே பாத்துக்கறேன்னு சொல்லுவார். நிஜத்துல அவர் டார்ச் பிடிப்பார், நான் கழட்டுவேன். ஒரு திருகு கீழ விழுந்தா ரெண்டு பேருக்கும் சண்டை வரும். அத்தைதான் காபி கொண்டுவந்து சமாதானம் பண்ணுவாங்க."

"இதையெல்லாம் எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்கதானே, அங்க போய் எதையும் தொடாதேன்னு சொல்லி அனுப்புனீங்க?"

சம்பந்தி, உங்களோடு சண்டை போடுகிறாளாமே! அதைவிட நல்ல செய்தி எனக்கு எது?

பிளக்கையும் இருக்கைகளையும் மாட்டியாகிவிட்டது. வண்டி உறுமுகிறது. மேலே எழுதியது ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம், சனிக்கிழமை தாராளமாக வாருங்கள். இதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். "மாமா இதப் படிச்சே ஆகணும்" என்று உங்கள் மருமகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீங்கள் இருவரும் அந்த வண்டியைத் திறக்கும்போது எனக்கும் சொல்லி அனுப்புங்கள். டார்ச் உங்கள் கையிலேயே இருக்கட்டும், ஸ்பேனர் அவள் கையிலேயே இருக்கட்டும். நான் எதையும் தொடாமல் ஓரமாக நின்று, நீங்கள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொள்கிறேன்.