இரண்டாம் நம்பர் கம்பி

மீட்டர் கத்தவில்லை.

கம்பி இருந்தால் கத்த வேண்டிய மீட்டர் அது. பிளக்கின் ஒன்றாம் நம்பர் பின்னில் வைத்தால் 'பீப்'. மூன்றில் வைத்தால் 'பீப்'. ஐந்திலும் 'பீப்'. இரண்டாம் நம்பரில் வைத்தால் மட்டும் வாயே திறக்கவில்லை. ஸ்டோர்கீப்பர் மீட்டரைத் தட்டினார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார், கொஞ்சம் திட்டியும் பார்த்தார். பலனில்லை.

"என்னங்க, அது என் மவுஸ்தானே?"

மனைவி கையில் டீயோடு நின்றிருந்தாள். அச்சகங்களுக்கு லேபிள் வரைந்து கொடுப்பது அவள் வேலை. அந்த வேலைக்கு ஆதாரமான மவுஸ் சாப்பாட்டு மேஜைமேல் வாலறுந்து கிடந்தது.

"பழைய மவுஸ்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?"

"அதான் சொல்றேன். நேத்து ஓடினது இன்னிக்குப் பழசுதானே?"

அவருக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம். சும்மா பிடித்த பைத்தியம் அல்ல; பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, முறைப்படி பிடித்த பைத்தியம். முன்பெல்லாம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது அவருடைய ரேடியோ சங்கத்தில் யாரும் பேசுவதில்லை, தட்டுகிறார்கள். தட்டும் எழுத்தைக் கம்ப்யூட்டர் விசிலாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும். ரேடியோ அதைக் காற்றில் விடும். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டர் அந்த விசிலைத் திரும்ப எழுத்தாக்கும். 'நலமா?' 'நலம்.' இதற்குத்தான் இத்தனை பாடு.

இந்த விசில் போய்வர கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஒரு கேபிள் வேண்டும். கடையில் விற்கிறார்கள். ரேடியோவின் விலையில் பாதி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் சங்கக் கூட்டத்தில் பல் டாக்டர் அப்படி ஒரு கேபிளை வாங்கிவந்து, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளாத குறையாகக் காட்டினார். "இதெல்லாம் வீட்ல உக்காந்து செய்ற சமாச்சாரம் இல்ல" என்று வேறு சொன்னார். ஸ்டோர்கீப்பரின் வாய் சும்மா இருக்கவில்லை.

"டீக்காசுல செய்யலாம் டாக்டர். அடுத்த ஞாயிறு செஞ்சு காட்டறேன். இங்க இருக்கிற பன்னிரண்டு பேருக்கும் நானே செஞ்சு தர்றேன்!"

எல்லாரும் கைதட்டினார்கள். சங்கத்தில் சேர்ந்து பதினெட்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் கைதட்டல். வீடு வந்து சேரும்வரை அது காதிலேயே இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் பதவி உயர்வு வந்த அன்றுகூட இருந்ததில்லை.

யோசனை நல்ல யோசனைதான். ரேடியோவின் முதுகில் இருக்கும் ஆறு ஓட்டை வட்டச் சாக்கெட்டில், பழைய காலத்து மவுஸின் வட்ட பிளக் கச்சிதமாகப் பொருந்தும். மவுஸின் வாலை அறுத்து, உள்ளே இருக்கும் கம்பிகளைப் பற்றவைத்தால் தீர்ந்தது வேலை. ஆனால் ரேடியோவின் சாக்கெட்டில் இரண்டாம் நம்பரில்தான் எர்த் இருக்கிறது; அது இல்லாமல் விசில் போகாது. மவுஸ் பிளக்கில் அந்தப் பின் வெளியே கம்பீரமாக நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அதற்குக் கம்பியே இல்லை.

சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"ரெண்டாம் நம்பரா?" என்றார் செயலாளர். "அது சிலதுல இருக்கும், சிலதுல இருக்காது."

அந்த 'சிலதுல இருக்கும்' மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"ரேடியோ பெட்டி இரும்புதானே?" என்று கேட்டாள் மனைவி. "அந்த எர்த் கம்பியைப் பெட்டியோட திருகாணியிலயே சுத்திட்டா ஆகாதா?"

ஸ்டோர்கீப்பர் பரிதாபமாகச் சிரித்தார். "இதெல்லாம் உனக்குப் புரியாது."

அவள் சொன்னது ஏறக்குறைய சரியான வழி. ஆனால் சொன்னது மனைவி என்பதால் அதைப் பரிசீலிக்க வழியில்லாமல் போயிற்று.

திங்கட்கிழமை அவர் அலுவலகத்துக்குச் சீக்கிரமே போனார். குடிநீர் வாரியத்தின் புகார் அலுவலகம் அது; அதன் ஸ்டோர் ரூம் அவர் பொறுப்பு. அங்கே கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓய்வு வயதைத் தாண்டியும் பணி நீட்டிப்பில் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் வட்ட பிளக் மவுஸ். கழித்துப்போட்ட மவுஸ்கள் ஒரு மூட்டை இருந்தன. போன மாதம்தான் 'எதற்கும் உதவாதவை' என்று அவரே கையெழுத்துப் போட்டு ஏலத்துக்கு அனுப்பியிருந்தார். ஆகவே மூன்றாம் கவுன்ட்டர் குமாஸ்தா டீ குடிக்கப் போன நேரத்தில், உயிருள்ள ஒன்றின் வாலை அறுத்து, பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு வந்தார்.

ஒன்று, பீப். மூன்று, பீப். ஐந்து, பீப். இரண்டு, மௌனம்.

"சார்!" வாசலில் குமாஸ்தா வாலறுந்த மவுஸோடு நின்றார். "இதைப் பாருங்க. பிளக்கையே காணோம்!"

ஸ்டோர்கீப்பர் மவுஸை வாங்கி, டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலி கடிச்சிருக்கு" என்றார்.

"மவுஸை எலி கடிச்சுதா?"

"இனத்துக்குள்ள நடக்கிறதுதானே."

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் குமாஸ்தா, புகார் அலுவலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தும் புகார்களைப் படிக்கும் கெட்ட பழக்கத்தை விடாதவர். "எலி கடிச்சா பிசிறு பிசிறா இருக்குமே சார். இது கத்திரிச்ச மாதிரி இருக்கே?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

ஆகவே செவ்வாய்க்கிழமை ஐந்தாம் கவுன்ட்டர் மவுஸின் வாலைக் குறடால் மென்று, நன்றாகப் பிசிறடித்து அறுத்தார். எலிக்குச் சாட்சியும் ஆயிற்று, வேறு கம்பெனி மவுஸைச் சோதித்த மாதிரியும் ஆயிற்று. இரண்டாம் நம்பர், மௌனம்.

பிசிறைப் பார்த்ததும் அலுவலகமே எலியை நம்பிவிட்டது. மேலாளரம்மா நம்பியதுதான் அதிகம். கோப்பில் ஒரு கமா தவறினால் விளக்கம் கேட்கும் அந்த அம்மாவுக்கு எலி என்றால் உயிர் போய்விடும். அன்றைய கூட்டத்தை இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டே நடத்தினார்.

"எலிதான்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

எல்லாரும் ஸ்டோர்கீப்பரைக் கைகாட்டினார்கள்.

"அப்போ எலி ஒழிப்புக் குழுவுக்கு நீங்கதான் தலைவர். சனிக்கிழமை என் மேஜையில ரிப்போர்ட் இருக்கணும்."

"மேடம், ஒரு சின்ன எலிக்கு எதுக்குக் குழு..."

"அரசாங்கச் சொத்து சார்! இதுவே மனுஷன் கைவேலைன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே சஸ்பெண்ட். எலி கடிக்காட்டி நான் கடிப்பேன்."

ஸ்டோர்கீப்பர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். ஒரு கம்பிக்காக எல்லாம் போய்விடும் போலிருந்தது. இனி அலுவலக மவுஸைத் தொடுவதில்லை என்று அப்போதே சத்தியம் செய்துகொண்டார்.

சத்தியம் புதன்கிழமை மத்தியானம்வரை தாங்கியது. பல் டாக்டர் போன் செய்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்குத் தயாரா? வர முடியலைன்னா முன்னாடியே சொல்லிடுங்க. ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம்."

தப்பாக நினைக்க மாட்டோம் என்பதைவிட மோசமாக ஒரு மனிதனைத் திட்ட முடியாது. ஸ்டோர்கீப்பர் சாப்பாட்டு நேரத்தில் யாருமில்லாத வரவேற்பு மேஜைக்குப் போய் மூன்றாவது வாலை அறுத்தார். மௌனம். மிச்சமிருந்த மவுஸ்கள் எல்லாம் ஒரே ரகம், ஒன்றைத் தவிர. அது வெளிநாட்டு மவுஸ். கனமானது, உயர்ந்தது. அதில் எல்லாக் கம்பியும் கட்டாயம் இருக்கும். அது மேலாளரம்மாவுடையது.

நாலு மணிக்கு மேலாளரம்மாவின் அறையிலிருந்து வந்த அலறலில், தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுக்க வந்தவர்கள் புகாரை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், அந்த அம்மா நாற்காலியில் இல்லை, மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார்.

"என் அறைக்கே வந்துடுச்சு சார்! நீங்கல்லாம் என்ன குழு நடத்தறீங்க?"

ஸ்டோர்கீப்பரின் சட்டைப்பையில் அந்த பிளக் கனத்தது. வெளிநாட்டு மவுஸிலும் இரண்டாம் நம்பர் இல்லை.

வியாழக்கிழமை எலி பிடிப்பவர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். தோளில் கான்வாஸ் பை, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ரேடியோ ஏரியல், கையில் டார்ச். மேஜைக்கு மேஜை குனிந்து நான்கு வால்களையும் பார்த்தார். ஸ்டோர்கீப்பர் பின்னாலேயே நடந்தார். குழுத் தலைவராக அல்ல, குற்றவாளியாக.

"ம்" என்றார் எலி பிடிப்பவர்.

"எலிதானே?"

"பல்லு நல்ல பல்லு சார்." கொஞ்சம் நிறுத்தி, "பிளக்கெல்லாம் எங்க?"

"தூக்கிட்டுப் போயிருக்கும். கூடு கட்ட."

"ம்" என்று அவர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "ஆளுங்க நடமாட்டம் இருந்தா எலி வராது. அஞ்சு மணிக்கு எல்லாரும் போனதும் பொறி வைக்கணும். சாவி வேணும்."

குழுத் தலைவர் என்ற முறையில் ஸ்டோர்கீப்பரே சாவியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் மூன்று மவுஸ்களுக்கு வாலில்லை.

ஸ்டோர்கீப்பர் அவற்றைத் தொடவே இல்லை. இரண்டு தடவை விரல்விட்டு எண்ணினார். தான் அறுத்தது நான்கு. மொத்தம் ஏழு. அந்த மூன்றிலும் பிளக்கைக் காணோம். கூடு கட்டத் தூக்கிப்போகும் என்று தான் வாய்க்கு வந்ததைச் சொன்னது பலித்துவிட்டது. அலுவலகத்தில் நிஜமாகவே எலி இருக்கிறது! அன்று முழுவதும் அவரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டே பேரேடு எழுதினார்.

"நீங்களும் பயப்படறீங்களா சார்?" என்றார் குமாஸ்தா.

"பயமில்ல. முட்டி வலி."

மத்தியானம் எலி பிடிப்பவர் ஒரு கூண்டோடு மேலாளரம்மாவின் அறைக்குள் நுழைந்தார். கூண்டுக்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுண்டெலி, தன்மேல் இருக்கும் வழக்கு என்னவென்றே தெரியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"இதுவா?" என்றார் மேலாளரம்மா மேஜைமேல் நின்றபடி. "இதுவா ஏழு வயரைத் தின்னுச்சு?"

"பசி மேடம்."

"இனிமே வராதே?"

"வராது. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

மேலாளரம்மா தரையில் இறங்கினார். நான்கு நாளாக இறுகியிருந்த முகம் தளர்ந்தது. குழுத் தலைவருக்குப் பாராட்டுக் கடிதம் கொடுக்கச் சொல்லி அங்கேயே உத்தரவு போட்டார். எலி கூண்டோடு வெளியே போயிற்று, மனிதன் தப்பித்துக்கொண்டான். ஸ்டோர்கீப்பருக்கு அந்தச் சுண்டெலியைப் பார்க்கையில் கண் கலங்கிவிட்டது. மூன்று வாலுக்குத் தண்டனை அனுபவிக்க வேண்டியது, தன்னுடைய நான்கையும் சேர்த்துச் சுமந்து போகிறதே என்று மனம் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவர் ரிப்போர்ட் எழுதினார். 'மேற்படி எலி' என்று பதினோரு இடத்தில் வந்தது. வேலை தப்பியது, மானம் தப்பவில்லை. நாளைக்கு ஞாயிறு. பன்னிரண்டு பேர் காத்திருப்பார்கள், பல் டாக்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். சட்டைப்பையில் ஐந்து பிளக்குகள் இருந்தன, ஒன்றிலும் எர்த் இல்லை. கடைக்குப் போய் அந்த விலைக்கே ஒரு கேபிளை வாங்கி, கம்பெனிப் பெயரைச் சுரண்டி, கறுப்பு டேப் சுற்றி, 'நானே செய்தது' என்று காட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டோர் ரூம் கதவு லேசாகத் திறந்தது. எலி பிடிப்பவர், வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்க வந்திருந்தார். ஸ்டோர்கீப்பர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க மட்டும் அந்த எலியைப் பிடிக்கலைன்னா என் கதி என்னன்னே தெரியாது."

எலி பிடிப்பவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். வெளியே எட்டிப் பார்த்தார். யாருமில்லை. கதவைச் சாத்திவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சார், ஒரு சந்தேகம். நீங்க அறுத்த நாலுல எதுலயாவது ரெண்டாம் நம்பர் கம்பி இருந்துச்சா? நான் அறுத்த மூணுலயும் இல்ல."