கறுப்புப் பட்டையில் கொஞ்சம் மெழுகு

தலையே போனாலும் 'வா' என்று சொல்வதில்லை. கண்ணாடிக்காரர் எடுத்த முடிவு அது.

மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைத் தெளிய வைத்தவர். சொந்த வீட்டில் நடப்பது மட்டும் அவருக்கு எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே தெரியும். அந்தச் சனிக்கிழமை காலையும் அப்படித்தான். மகள் வீட்டுக்குப் போக அவர் மனைவி பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றபோது, அவர் கார் மூடியைத் தூக்கி உள்ளே தலையை விட்டிருந்தார்.

"நான் கிளம்பறேன். எப்ப திரும்பி வரட்டும்?"

"உன் இஷ்டம்."

"தலையை வெளிய எடுத்துட்டு சொல்லலாமே."

"ஆயில் பாத்துட்டிருக்கேன்."

"சரி, நீங்க 'வா'ன்னு சொல்ற அன்னிக்கு வர்றேன். இருபத்தாறு வருஷமா குடித்தனம் பண்றோம். அந்த ஒரு வார்த்தையையும் கேட்டுப் பாத்துடறேன்."

அவர் தலையை எடுத்தபோது வாசலில் யாரும் இல்லை. பஸ் நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். வாசலில் நிற்கிற காருக்கு ஆயில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவளைக் கொண்டுபோய் விட்டிருக்கலாம். அது அவருக்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

அன்று சாயங்காலம் போன் செய்தார். "சேந்தாச்சா?" "ஆச்சு." "சரி." "வேற?" "வேற ஒண்ணுமில்ல." அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்த பிறகு வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு திட்டம் உதித்தது. காருக்கு மெழுகு பூசிப் பளபளவென்று ஆக்கி, ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்புவது. மனுஷன் ராஜா மாதிரி இருக்கிறான் என்று அவளுக்குப் புரியும். காரைத் தன் சக்களத்தி என்று சொல்கிறவள் அவள். பொறாமையிலேயே கிளம்பி வந்துவிடுவாள். இவர் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

மெழுகு டப்பாவில் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. பொடி எழுத்தைப் படிக்க ஊருக்கெல்லாம் கண்ணாடி கொடுப்பவர், அதைப் படிக்கவில்லை. நிழலில் மெல்லிசாகப் பூசவேண்டியதை உச்சி வெயிலில் அப்பு அப்பென்று அப்பினார். கதவு, மூடி, கூரை என்று வண்டி முழுக்க அப்பினார். ஓரத்தில் ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டையையும் விட்டுவைக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், காருக்குக் கண்புரை வந்திருந்தது. துணியால் தேய்த்தால் துணிதான் கிழிந்தது. கறுப்புப் பட்டை நெடுக வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

கறை என்று வந்துவிட்டால் கேட்க அவருக்கு ஒரே ஆள்தான். பெரிய சலவைக் கடை ஒன்றில் கறை எடுக்கும் மேசை அவர் மனைவியுடையது. மை, துரு, எண்ணெய் எதுவும் அவளிடம் வாய்தா வாங்கியதில்லை.

"காய்ஞ்ச மெழுகு மேலயே புதுசா கொஞ்சம் மெழுகு தடவுங்க. தடவின கையோட துடைங்க. பழசும் சேந்து வந்துடும்."

"கறுப்புப் பட்டை?"

"அதுக்கு பீனட் பட்டர். பழைய டூத் பிரஷ்ல தொட்டு மெதுவா தேயுங்க. அப்புறம் சோப்புத் தண்ணி. வெயில்லயா பூசினீங்க?"

"லேசான வெயில்."

"தொப்பி போட்டுக்கிட்டீங்களா?"

அந்தப் பேச்சு பதினோரு நிமிஷம் நீண்டது. இந்த வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசியதே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் சொன்னபடியே செய்தார். அரைமணி நேரத்தில் மெழுகு போன இடம் தெரியவில்லை. பட்டை புதுச் செருப்பு மாதிரி கறுத்து மின்னியது. அடுத்த வீட்டு டீச்சர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணே, கார்ல முகம் பாத்துத் தலை சீவலாம் போலிருக்கே" என்றாள்.

கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷம் வரவில்லை. படம் அனுப்பவும் கை வரவில்லை. கார் சுத்தமாகிவிட்டது, இனி எதைச் சொல்லிப் போன் செய்வது? வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார். பிறகு போனை எடுத்தார்.

"பட்டையில இன்னும் கொஞ்சம் மெழுகு இருக்கு."



"போகலையா?"

"பாதிதான் போச்சு. பிடிவாதமா ஒட்டிக்கிட்டிருக்கு."

"அப்படியா? அப்ப வெள்ளை ரப்பர் வெச்சு அழிக்கணும். மக மேசை டிராயர்ல ஒண்ணு கிடக்கும். அடியில இருக்கும், எல்லாத்தையும் வெளிய கொட்டிப் பாருங்க. கொட்டினதை அப்படியே திரும்பப் போட்டுடாதீங்க. டிராயரைத் துடைச்சு, வேண்டாததைக் கழிச்சிட்டு அடுக்குங்க. தூசி ரப்பர்ல ஒட்டினா வண்டியில கீறல் விழும்."

காரில் மெழுகே இல்லாதபோது ரப்பர் எதற்கு? ஆனால் மறுநாள் அவள் குறுக்கு விசாரணை செய்வாளே. டிராயரில் என்னென்ன இருந்தது, எதைத் தூக்கிப் போட்டீர்கள் என்று கேட்பாள். பொய் சொல்லி அவளிடம் ஜெயித்ததாக அவருக்குச் சரித்திரமே கிடையாது. ஆகவே டிராயரைக் கொட்டினார், துடைத்தார், அடுக்கினார். அன்றைக்குப் பேச்சு பதினாறு நிமிஷம்.

அப்புறம் தினம் ஒரு வைத்தியம். மெல்லிய பருத்தித் துணி வேண்டும் என்றாள். அது அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தது. மேலே இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்தால்தான் கைக்கு வரும். மடிக்கும்போது அவளுடைய சாம்பல் நிறச் சால்வை வந்தது. அதை மட்டும் நாலு முறை மடித்தார். வினிகர் வேண்டும் என்றாள். அது சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால். டப்பாக்களை இறக்கியபோது ஒரு மூடியில் அவள் கையெழுத்து: 'இது உப்பு. உங்களுக்குத்தான் சொல்றேன்.' அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் மேல் அப்படி ஓர் ஏக்கம் வந்தது.

"வினிகரை உடனே வண்டியில போட்டுடாதீங்க," என்றாள் அன்று. "வேகம் எப்படின்னு முதல்ல குழாய்ல பாருங்க."

"எந்தக் குழாய்ல?"

"எல்லாக் குழாய்லயும்தான். ஒண்ணை மட்டும் பாத்தா எப்படித் தெரியும்? குளியலறைக் குழாய் பளிச்னு ஆச்சுன்னா பட்டைக்கும் தாங்கும்."

"நீ எல்லாத்தையும் எவ்வளவு யோசிச்சுச் சொல்ற."

"ஆமா, வேற யாரு இருக்கா உங்களுக்கு?"

அந்த இடத்திலேயே 'வா' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. முடிவு நினைவுக்கு வந்து விழுங்கிவிட்டார். அப்புறம் ஜன்னல் கண்ணாடிகளில் சோப்புத் தண்ணீரைச் சோதித்தார். திரைச்சீலைகளைத் துவைத்து, எது மெழுகை நன்றாக உறிஞ்சும் என்று பார்த்தார். கடையை மூடினால் நேரே வீடு. ஏழு மணி போனுக்காக ஆறு மணிக்கே தலைவாரிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு எங்க பாக்கி?"

"இடது கண்ணாடிக்குக் கீழ."

"நேத்து வலதுன்னீங்க."

"வலதா? அது... அங்கருந்து இங்க..."

"மெழுகு நடந்து வந்துச்சா?"

அவருக்கு மேற்கொண்டு பொய் சொல்ல ஓடவில்லை. குளியலறைக் கதவு திறந்திருந்தது. பளிச்சென்ற குழாய்க்கு மேலே டம்ளரில் ஒற்றை டூத் பிரஷ் சாய்ந்து நின்றது.

"மெழுகெல்லாம் என்னிக்கோ போயிடுச்சு. பேசறதுக்கு வேற சாக்கு கிடைக்கல," என்றார். "டம்ளர்ல என் பிரஷ் மட்டும் தனியா நிக்குது. பாக்கவே சகிக்கல. நீ வா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு மத்தியான பஸ்ல வர்றேன்," என்றாள். "வண்டிய எடுத்துட்டு வாங்க. தலையும் வெளிய இருக்கட்டும்."

மறுநாள் கடைக்கு விடுமுறை. பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றார். அவள் இறங்கியதும் பெட்டியை அவரே வாங்கிக்கொண்டார். ஏறுவதற்கு முன் அவள் குனிந்து, கறுப்புப் பட்டை மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. டீச்சர் சொன்னது சரிதான்."

"எந்த டீச்சர்?"

"அடுத்த வீட்டு டீச்சர்தான். முத திங்கக்கிழமையே போன் பண்ணிட்டாங்க. கார்ல முகம் பாத்துத் தலை சீவலாமாமே."

இருவரும் ஏறினார்கள். கண்ணாடிக்காரர் சாவியைப் போட்டதோடு சரி, திருப்பவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டேவா தினம் ஒரு வைத்தியம் சொன்ன?"

"நீங்க தினம் போன் பண்ணுவீங்கன்னு நானும்தான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமல். அவர் மனசு அப்படியே குளிர்ந்துபோனது. டிராயர் வீண்போகவில்லை, குழாய் வீண்போகவில்லை. இருபத்தாறு வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசத் துணிந்து, அவள் கையைப் பிடித்தார்.

"இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே 'வா'ன்னு சொல்லியிருக்கணும்."

"ரெண்டு நாள் கழிச்சு சொல்லியிருக்கணும்," என்று அவள் பெருமூச்சு விட்டாள். "பரண் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."