திருஷ்டி பொம்மையைக் கழற்றிய காரணம்

மயிலாப்பூர்,
20-2-1934

மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் சந்திரமௌலி நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சூடாமணியும் சௌக்கியம். கிருகப்பிரவேசத்தன்று தாங்கள் வாசலில் கட்டிய திருஷ்டி பொம்மை மட்டும் இப்போது விறகு அறையில் இருக்கிறது. பிறர் சொல்லித் தங்களுக்குக் கோபம் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்துப் பையன்களுக்குப் பார்வையைப் பற்றிப் பாடம் நடத்தினேன். வெளிச்சம் பொருளில் பட்டு நம் கண்ணுக்குள் வருகிறது, கண்ணிலிருந்து ஒன்றும் வெளியே போவதில்லை என்றேன். பரீட்சையில், ஒருவன் மாமரத்தைப் பார்ப்பதைப் படமாக வரையச் சொன்னால், முப்பத்திரண்டு பேரும் கண்ணிலிருந்து மரத்துக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள். ஷஃபியுல்லா என்ற பையனை எழுப்பிக் கேட்டேன். "ஒண்ணும் வராதுன்னா, நஜர், அதான் கண்ணு, பட்டுச்சுன்னு எங்க வீட்ல மொளகா சுத்திப் போடறாங்களே, அது எதுக்கு சார்?" என்றான். அறியாமை என்றேன். "உங்க வீட்டு வாசல்ல நாக்கை நீட்டிக்கினு ஒரு பொம்மை தொங்குதே, அது?" என்றான். என் பதிலைக் குறித்துக்கொள்ள வகுப்பே பென்சிலை எடுத்தது. இனி நான் எந்தப் பாடம் நடத்தினாலும் ஒரு பயலும் நம்பப்போவதில்லை என்று தெரிந்தது. மறுநாள் நாலு மணிக்கு எல்லோரையும் ஆத்துக்கு அழைச்சுண்டு வந்து, குளத்தைப் பார்த்த ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் துணி அடைச்சு, ஜன்னல் கதவுல மிளகு நுழையறாப்பல ஒரே ஒரு ஓட்டை போட்டேன். அத்திம்பேர், எதிர்ச் சுவத்துல கபாலி கோயில் கோபுரம் வந்து நின்னுது. நின்னுதுன்னு சொல்லப்படாது, தொங்கித்து. கலசம் தரைப்பக்கம், குளத்துத் தண்ணி கூரைப்பக்கம். படியில் இறங்கினவர் எங்காத்து உத்திரத்தை நோக்கி ஏறிண்டிருந்தார். பதினெட்டு வருஷமா இதைச் சாக்பீஸால் வரைஞ்சவன், கண்ணால் பார்த்தது அன்னிக்குத்தான். சூடாமணி காபியைக் கீழே வச்சுட்டு, "எந்தப் பக்கம் பார்த்து நமஸ்காரம் பண்றது?" என்றாள். ஷஃபியுல்லா ஓட்டையை விரலால் மூடினான், கோபுரம் போச்சு. எடுத்தான், வந்தது. "நாம யாரும் அனுப்பல சார். அதுவா வந்துகினு கீது," என்றான் மெள்ள. அன்று சாயங்காலமே பொம்மையைக் கழற்றினேன். "கழட்டுங்கோ. எது நடந்தாலும் ஓட்டை போட்டவர் பொறுப்பு," என்றாள் சூடாமணி.

அறிவு ஜெயித்ததைத் தாங்கள் பெரிய மனதுடன் பொறுத்தருள வேண்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தை ஜானுவுக்கு ஆசீர்வாதம்.

தங்கள் விதேயன்,
சந்திரமௌலி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் புறப்படும்போது, முப்பத்திரண்டு பேரும் புதிதாக வரைந்த படங்களோடு ஷஃபியுல்லா வந்தான். வகுப்பே கூடி யோசித்ததாம். வெளிச்சம் பொருளிலிருந்து கண்ணுக்குள் போகிறதென்றால், பொறாமையோடு பார்க்கிறவன் கண்ணுக்குள் புகுந்து அடிப்பது பொம்மைதானாம். "அதுக்கு இன்னா வேலைன்னு இப்பத்தான் சார் புரிஞ்சுது. ஏன் கழட்டிட்டீங்க?" என்றான். முப்பத்திரண்டு அம்புக்குறியும் சரியான திசையில் இருப்பதால் மார்க்கு குறைக்க வழியில்லை. பொம்மையை மாட்டிவிட்டேன். நாக்கு வெளுத்திருப்பதால் வெளிச்சம் போதாது என்று பையன்கள் அபிப்பிராயப்படுகிறார்கள். அடுத்த தடவை வரும்போது இன்னும் சிவப்பாக ஒன்று வாங்கி வரவும்.