பிள்ளையாருக்குப் போன மைதானம்

ருமேனிய உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் சொந்த மைதானத்தை நான் வேரோடு பிடுங்கியிருக்கிறேன். (மெல்பேர்னில் இருந்தபடியே.) இதை வெளியில் சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

அப்போது வீட்டுக்காரர் கொர்னேல் முன்வீட்டில், நாங்கள் பின்வீட்டில். அவர் ருமேனியர், துணைக்கு ஒரு பூனை மட்டும். எங்கள் வாடகை ஒப்பந்தம், அதாவது லீஸ், முடிய இரண்டு கிழமைதான் இருந்தது. இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறிய என் மனைவி கலா, "இன்னொருக்கா பெட்டி கட்டச் சொன்னா நான் பெட்டிக்குள்ளயே இருந்திடுவன்" என்று சொல்லியிருந்தாள். அதனால், மகளைப் பார்க்க சிட்னிக்குப் புறப்பட்ட கொர்னேல் தன் புல்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது முப்பத்திரண்டு பல்லும் தெரியத் தலையாட்டினேன்.

அந்தக் கிழமை விநாயக சதுர்த்தி வந்தது. த பேசின் என்ற இடத்திலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய், லீஸ் நீடிக்க வேண்டும் என்று கேட்பதாகத் திட்டம். ஆனால் குளிரில் வளவு முழுக்க அறுகு கருகிக் கிடந்தது.

"அறுகில்லாமல் என்னண்டு போறது? கேக்கப் போறது லீஸ், கைய வீசிக்கொண்டோ போவீங்கள்?" என்றாள் கலா.

என் கண் தொட்டியில் விழுந்தது. பூனைக்குத்தானே வளர்க்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். நாலு புல் இழுத்தேன், வேரோடு வந்தது. இருபத்தொன்று சேர்ந்ததும் மாலையாகவே கட்டலாமே என்று ஆசை பெருகியது. கடைசியில் தொட்டி மொட்டை.

கோயிலில் ஐயர் மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது அறுகில்லை. பரவாயில்லை, தாங்கோ" என்றார். மற்றவர்களின் மாலைகளுக்கு அடியில் அதை வைத்தார்.

கொர்னேல் திரும்பி வந்து, பையைக்கூட இறக்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய ஊர்க் கழகத்தின் பழைய மைதானத்தை இடித்துவிட்டார்களாம். கடைசி ஆட்டத்தன்று அவருடைய அப்பா கோல் கம்பத்தடியில் பிடுங்கி வைத்த புல்லாம் அது. (விமான நிலையத்தில் அது எப்படித் தப்பியது என்று நான் கேட்கவில்லை.)

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பொய் சொல்லவும் தெரியவில்லை. யானை முகக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்தார். "பதிலுக்கு என்ன கேட்டாய்?"

"லீஸ்."

"எங்கள் மைதானத்தையே கொடுத்துவிட்டு லீஸா கேட்டாய்? சாம்பியன் பட்டம் கேட்டிருக்கலாமே, மடையா."

ஒரே நிபந்தனையில் புது லீஸில் கையெழுத்துப் போட்டார். நான் மறுபடி போய்ப் பட்டம் கேட்க வேண்டும். போனேன், கேட்டேன். அந்தப் பருவம் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. தொட்டியில் மிஞ்சியிருந்த இரண்டு வேர் மட்டும் துளிர்த்தது. அதற்கு இன்றைக்கும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.

போன மாதம் வேலையிடத்தில் சம்பள உயர்வு கேட்கப் போய், மேலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்காரப் புதுக் கதிரை ஒன்று போதும் என்று சொல்லித் திரும்பினேன். கலா தங்கைக்குப் போன் போட்டாள்.

"மைதானத்தைக் குடுத்து லீஸ் வாங்கின மனுசனடி. கதிரை கிடைச்சதே பெரிசு."