மேடையில் கொடுத்த ஆசி

பார்மா,
செவ்வாய்க்கிழமை

பெரியவர் அன்செல்மோ அண்ணாவுக்கு, தம்பி ஒரெஸ்தே வணக்கத்துடன் எழுதுவது. என் தொண்டையைத் தவிர இங்கே எல்லோரும் நலம். அண்ணியின் முழங்காலும் உங்கள் மருந்துக் கடையும் அங்கே நலமாக இருக்கட்டும்.

நம் மகள் நீவெஸ் அந்த லெயார்க்கோவைக் கட்டிக்கொள்ள நான் சம்மதித்துவிட்டதாக உங்கள் காதுக்கு வந்திருக்கும். நம்பாதீர்கள். எங்கள் ஓபரா குழுவில் அவன் காதலனாகப் பாடுகிறவன், நான் அப்பாவாகப் பாடுகிறவன். எந்தக் கதையிலாவது காதலன் அப்பா பேச்சைக் கேட்டிருக்கிறானா? போதாக்குறைக்கு, கைதட்டல் வாங்க முன்னால் ஓடும்போது என் அங்கியை வேறு மிதிக்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன். நீவெஸ் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். என் மனைவி எர்சிலியா ஒன்றுமே சொல்லவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை, கடைசிக் காட்சி. மகளும் காதலனும் காலில் விழ, நான் கையை ஓங்கிச் சபிக்க வேண்டும். விழுந்தவர்கள், மேடையிலும் எனக்கு மகளாகப் பாடும் நீவெஸும் அவனும்தான். எனக்குப் பாட்டு வரி மனதில் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியாததா? மேடை விளிம்பில், ரசிகர்கள் கண்ணில் படாத குழிப் பெட்டிக்குள் உட்கார்ந்து எர்சிலியா வரியை எடுத்துக்கொடுப்பாள், நான் அப்படியே பாடுவேன், கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம், அன்றைக்கும் பாடினேன், பாடி முடித்த பிறகுதான் உறைக்கிறது, பிள்ளைகளா நல்லா இருங்க, அப்பன் மனசார ஆசீர்வாதம் பண்றேன் என்று பாடியிருக்கிறேன். நம் மேல்மாடி ரசிகர்கள் ஒரு சொல் மாறினாலே விரட்டிவிடுவார்கள். ஆனால் எங்கள் வீட்டுச் சண்டைதான் ஊருக்கே தெரியுமே. பாலாடைக்கட்டிக் கடை கிரார்தி எழுந்து நின்று, "ஒன்ஸ் மோர் ஒரெஸ்தே, பொண்ணுக்குச் சரியாக் கேக்கலையாம்" என்றான். ஒன்ஸ் மோர் கேட்டால் எந்தப் பாடகனால் மறுக்க முடியும்? மறுபடியும் ஆசீர்வதித்தேன். குரல் முதல் தடவையைவிட நன்றாகவே வந்தது. நீவெஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது அண்ணா, மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று எர்சிலியாவைக் கேட்டேன்.

"நான் ஏதோ சொன்னேன். நீங்க எதுக்குப் பாடினீங்க?" என்றாள்.

ஆகையால் மேடையில் கொடுத்த ஆசி செல்லாது. இந்த வீட்டில் என் சொல்தான் முடிவு. நீங்கள் உடனே வந்து என் பக்கம் நிற்க வேண்டும். அண்ணிக்கு என் மரியாதை, குழந்தைகளுக்கு முத்தங்கள்.

அன்புத் தம்பி,
ஒரெஸ்தே

பி.கு.: கல்யாணம் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு. அண்ணியையும் அழைத்து வரவும். மேலே 'இந்த வீட்டில்' என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தை வராமல் வெகுநேரம் தவித்தேன். எர்சிலியாதான் அடுப்படியிலிருந்து எடுத்துக்கொடுத்தாள்.